கிராவல் சைக்கிள்: தூரம் இருக்கட்டும், ஏற்றத்தை எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மினசோட்டாவின் தென்கிழக்கு, விஸ்கான்சினின் தென்மேற்கு, ஐயோவாவின் வடகிழக்கு மூலை ஆகிய மூன்றும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் குன்றுநாடு இது. இங்குள்ள சரளைச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (மினியாபோலிஸ் வாசகர்): ‘டிரிஃப்ட்லெஸ்’ என்று இந்தப் பகுதியைச் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? மிட்வெஸ்ட் முழுக்கத் தட்டையான சோளக்காடுதானே! சைக்கிளுக்குச் சவால்விடும் மலை எங்கிருந்து வந்தது?

பதில்: மலை மேலே எழும்பி வரவில்லை, பள்ளம்தான் கீழே இறங்கிப் போயிருக்கிறது. பனியாறுகள் இழுத்துவந்து கொட்டிவிட்டுப் போகும் மண், கல் குவியலுக்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். சுற்றுப்புறம் முழுவதையும் பனிப்பாளங்கள் மீண்டும் மீண்டும் தேய்த்துச் சமதளமாக்கியபோது இந்தப் பகுதி மட்டும் தப்பித்தது. விஸ்கான்சின் பக்கத்தில் பனி ஏறியதற்குத் தடயமே இல்லை. மினசோட்டா, ஐயோவா பக்கங்களில் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பனி வந்துபோனது உண்டு. ஆனால் அந்தக் குவியலை மழையும் ஓடைகளும் பெரும்பாலும் அரித்துவிட்டன.

பனியுகம் முடியும் காலத்தில் அகாசி என்னும் மாபெரும் பனியேரி உடைப்பெடுத்து, அந்த வெள்ளம் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கை ஆழமாக வெட்டியது. பெரிய ஆறு தாழ்ந்ததும் ரூட், வைட்வாட்டர், ஜம்ப்ரோ, அப்பர் ஐயோவா, கிக்கப்பூ போன்ற துணையாறுகளும் சேர்ந்து இறங்கின. அதனால்தான் ஆற்றோரக் குன்றுகள் 150 மீட்டருக்கும் மேலே செங்குத்தாக நிற்கின்றன. லா கிராஸ் நகரின் கிராண்டாட் பிளஃப் ஊருக்கு மேலே சுமார் 180 மீட்டர் உயரம்.

சைக்கிள் ஓட்டுபவர் இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: இங்கே உச்சியும் சமதளம், அடியும் சமதளம். வயல்கள் மேலே முகட்டிலும், ஊர்களும் ஓடைகளும் கீழே பள்ளத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் சாலை ஒரே மூச்சில் ஏறும். அந்தச் சாலைகளில் கணிசமானவை உள்ளூர்க் குவாரியில் உடைத்த வெண்சுண்ணாம்புக் கல் போட்டவை. நுழைவுக் கட்டணமே இல்லாமல் 100 மைல் ஓட்டும் ‘அல்மன்சோ 100’ பந்தயத்தை கிறிஸ் ஸ்கோகன் 2007இல் தொடங்கியதும் இந்தச் சாலைகளை நம்பித்தான்.

கேள்வி (ராச்செஸ்டர் வாசகர்): நகரத்து சைக்கிள் பாதையில் 80 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் சிரமமில்லாமல் முடிப்பேன். பிரெஸ்டன், லேன்ஸ்பரோ சுற்றுவட்டாரத்தில் 60 கிலோமீட்டர் சரளைச் சுற்று ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் போதும்தானே?

பதில்: போதாது. உங்கள் வழியில் பள்ளத்திலிருந்து முகட்டுக்கு எத்தனை முறை ஏறுகிறீர்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். வரைபடத்தில் ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் பிறகு ஓர் ஏற்றம் காத்திருக்கும். ஓர் ஏற்றம் என்பது பொதுவாக 100 முதல் 150 மீட்டர் உயரம்.

சாதாரண உடல்பலம் உள்ளவர் சரளையில் மணிக்கு 500 முதல் 600 மீட்டர் உயரம் ஏறலாம். உங்கள் சுற்றில் 130 மீட்டர் ஏற்றம் 6 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 780 மீட்டர். அதற்கு மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போகும். அந்த ஒன்றரை மணியில் நீங்கள் கடந்திருப்பது 10 கிலோமீட்டர்தான். மீதி 50 கிலோமீட்டரைச் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இரண்டரை மணி. ஆக நான்கு மணி நேரம். அதற்கு மேல் நிற்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் தனிக்கணக்கு. இறக்கத்தில் இழந்த நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தளர்ந்த சரளையில் புத்தியுள்ளவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவார்.

முதல் தடவைக்கு ஒரு யோசனை. ரூட் ரிவர் பாதையை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபவுன்டனில் தொடங்கி லேன்ஸ்பரோ, வேலன், பீட்டர்சன், ரஷ்ஃபோர்டு வழியாக ஹூஸ்டன் வரை ஆற்றை ஒட்டி 42 மைல் ஓடும் தார்ப்பாதை அது. அதிலிருந்து ஒரு சரளைச் சாலையில் முகட்டுக்கு ஏறி, முகட்டிலேயே ஓட்டி, அடுத்த ஊருக்கு அருகில் இறங்கி மறுபடியும் பாதையைப் பிடியுங்கள். கால் ஒத்துழைத்தால் இன்னொரு சுற்று ஏறலாம். ஒத்துழைக்காவிட்டால் தார்ப்பாதை வழியே தட்டையாகத் திரும்பிவிடலாம். ஒரே பெரிய வட்டமாகத் திட்டமிட்டால் பாதியில் கைவிட வழியே இருக்காது.

கேள்வி (சிகாகோ வாசகர்): என் சைக்கிளில் முன்னால் ஒற்றை செயின்ரிங் (பெடலோடு சுழலும் பற்சக்கரம்) 42 பல், பின்னால் கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) 11–34 பல். சிகாகோவில் இதுவே தாராளம். குன்றுநாட்டுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். 42ஐ 34ஆல் வகுத்தால் 1.24. அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றேகால் சுற்று உருளும். 40 மி.மீ. டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்பதால், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தாலே வேகம் மணிக்கு 9.8 கிலோமீட்டர் ஆகிவிடும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் 10 சதவீதம் என்றால் அந்த வேகத்துக்குச் சுமார் 250 வாட் தேவை. அதைப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து தரக்கூடியவர் நன்கு பயிற்சி பெற்றவர். மற்றவருடைய மிதி 45, 40 என்று இறங்கும். முழங்கால் வலிக்கும். எழுந்து நின்று மிதிப்பார். எழுந்ததுமே பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, சரளையில் அது வழுக்கும். பாதி ஏற்றத்தில் காலை ஊன்றிவிட்டால், சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது பெரும்பாடு.

செயின்ரிங் 38, கேசட் 11–42 என்று மாற்றினால் விகிதம் 0.90. அதே 60 மிதிக்கு வேகம் 7.2 கிலோமீட்டர், தேவை 185 வாட்டுக்குள் அடங்கிவிடும். உட்கார்ந்தபடியே ஏறலாம். முன்னால் இரட்டை செயின்ரிங் உள்ளவர்களுக்கு 46/30உடன் 11–34 கேசட் போதுமானது. அதில் அடிவிகிதம் 0.88.

மாற்றும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது டெரைலர், அதாவது செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. 34 பல்லுக்கு வடிவமைத்த டெரைலர் 42ஐத் தாங்காது, மேல் உருளை பல்லில் உரசும். ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் உதிரிப்பாக வரிசையில் ஆர்எக்ஸ்810 என்பதன் உச்சவரம்பு 34, ஆர்எக்ஸ்812 என்பதன் உச்சவரம்பு 42. உங்கள் டெரைலரின் உட்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு கேசட் வாங்குங்கள். இரண்டாவது செயின் நீளம். பின்னால் 8 பல் கூடி முன்னால் 4 பல் குறைந்தால், செயின் ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, நீள வேண்டும். பழைய செயினையே விட்டுவிட்டு, ஏற்றத்தின் நடுவில் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் இறுகி டெரைலரையே பிய்த்துவிடும்.

கேள்வி (டெ மாயின் வாசகர்): ஏறுவதில் எனக்குப் பயமில்லை. இறங்கும்போதுதான் முன்சக்கரம் கோலிக்குண்டு மேல் போவதுபோல் நழுவுகிறது. 35 மி.மீ. டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருக்கிறேன். டயரை மாற்றினால் சரியாகுமா?

பதில்: அந்தக் காற்றழுத்தம் தார்ச்சாலைக்கானது. அவ்வளவு இறுகிய டயர் கல்லின் மேல் படிந்து உட்காராமல் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை.

40 முதல் 45 மி.மீ. டயர், டியூப்லெஸ், இதுதான் இந்தப் பகுதிக்குப் பொருத்தம். 75 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் முன்னால் 32, பின்னால் 35 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். 45 மி.மீ. என்றால் 28, 31. எடையில் ஒவ்வொரு 5 கிலோ வித்தியாசத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக் குறையுங்கள். டியூப் போட்டு ஓட்டுபவர் இதற்கு மேல் ஆறேழு பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்கு 60 மில்லி ஊற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது உள்ளேயே காய்ந்துவிடும். சீசன் தொடக்கத்தில் ஊற்றியதை நம்பி அக்டோபரில் கிளம்பியவர்கள்தான் பஞ்சராகி நிற்பார்கள்.

ஆனால் டயர் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி உங்கள் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. சரளைச் சாலையில் கார்களின் சக்கரம் அழுத்திய இரண்டு மூன்று தடங்கள் வெளிறித் தெரியும். அங்கே கல் ஒதுங்கித் தரை இறுகியிருக்கும். அதிலேயே செல்லுங்கள். தடங்களுக்கு நடுவிலும் வளைவின் வெளி ஓரத்திலும் கல் குவிந்திருக்கும். தடம் மாறியே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்தபடி அந்தக் குவியலைச் சட்டென்று குறுக்கே கடக்க வேண்டும். சாய்ந்தபடி உரசிக்கொண்டு கடந்தால் முன்சக்கரம் போய்விடும்.

பிரேக் போடுவது முழுக்க வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். வாகனங்கள் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் சாலை பலகைவரிபோல் மடிப்பு மடிப்பாக ஆகிறது. ஆகவே வளைவுக்குச் சற்று முன்னால் அதிர்வு வரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, முழங்கையைத் தளர்வாக வைத்துக்கொண்டால் அதிர்வில் கை நழுவாது.

கவுன்டி (மாவட்ட) நிர்வாகம் புதிதாகக் கல் கொட்டிய சாலையில் இந்த உத்தி எதுவும் செல்லாது. தடமே இருக்காது. புதியவர்கள் அப்படிப்பட்ட இறக்கத்தில் இறங்கி நடப்பதே நல்லது. வழி வகுக்கும்போதே சரளையில் ஏறி, தாரில் இறங்குமாறு சுற்றின் திசையைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

கேள்வி (சீடர் ரேப்பிட்ஸ் வாசகர்): டெகோரா பக்கம் போகிறோம். வரைபடத்தில் ‘லெவல் பி’ என்று ஒரு சாலை. முந்தின நாள் மழை பெய்தால் போகலாமா? இங்கே மழையில் என்னதான் ஆகும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: போகவே கூடாது. ஐயோவாவில் ‘லெவல் பி’ என்றால் குறைந்த பராமரிப்பு, நுழைவது உங்கள் பொறுப்பு என்ற பலகை நிற்கும் மண்சாலை. ‘லெவல் சி’ என்றால் கதவு போட்டிருக்கும், உள்ளே போகக் கூடாது. மினசோட்டாவில் இதற்கு ‘மினிமம் மெயின்டனன்ஸ்’ என்று பெயர்ப்பலகை.

இந்த மண்சாலைகளில் கல் கிடையாது. காற்று கொண்டுவந்து படிய வைத்த லோயஸ் என்னும் மாவு போன்ற வண்டல்தான் மேல்மண். காய்ந்தால் தார்ச்சாலையைவிடச் சுகமாக ஓடும். நனைந்தால் பிசைந்த மாவுபோல் டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். நூறு மீட்டருக்குள் ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது மனம் பெடலை இன்னும் பலமாக அழுத்தச் சொல்லும், அங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. செயினோடு வந்த மண் டெரைலர் உருளைகளில் சிக்கி, டெரைலரையே பின்னோக்கி இழுத்து, அதை ஃபிரேமில் பிடித்திருக்கும் ஹேங்கர் உடையும். சில சமயம் டெரைலர் ஆரக்கம்பிகளுக்குள் புகுந்து சக்கரத்தையும் முடித்துவிடும்.

ஆகவே சக்கரம் கனக்க ஆரம்பித்ததுமே இறங்கிவிடுங்கள். உருட்டவும் வேண்டாம், உருட்டினாலும் மண் சேரும். தோளில் தூக்கிக்கொண்டு ஓரத்துப் புல்லில் நடங்கள். பெயின்ட் கிளறும் மரக்குச்சி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் மண்ணைச் சுரண்டிவிடலாம். கம்பியோ கத்தியோ வைத்துச் சுரண்டினால் ஃபிரேமில் கீறல் விழும். உங்கள் சைக்கிளுக்குரிய ஹேங்கர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், அவசரத்துக்குச் சின்ன ஊரில் கிடைக்காது. அது இல்லாமல் உடைந்துவிட்டால் டெரைலரைக் கழற்றி, செயின்கட்டரால் செயினைக் குறுக்கி, முன்னும் பின்னும் ஒரே நேர்க்கோட்டில் வரும் பல்லில் மாட்டி, ஒற்றை கியராக மெதுவாக ஊர் சேரலாம். செயின்கட்டரும் செயினை இணைக்கும் இரண்டு குயிக்லிங்க்கும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

மழையில் சுண்ணாம்புச் சரளையும் வேறுவிதமாகப் படுத்தும். கல்பொடி நனைந்து வெள்ளைக் குழம்பாகி டிஸ்க் பிரேக்கில் அரம்போல் வேலை செய்யும். பிசின் கலந்த ரெசின் பிரேக் பேடு நனைந்த நாளில் வேகமாகத் தேயும். நீண்ட இறக்கங்கள் உள்ள இந்த இடத்தில் அது ஆபத்து. மழை எதிர்பார்த்தால் சின்டர்டு உலோகப் பேடு போடுங்கள். ஆனால் சக்கரத்தின் பிரேக் வட்டான ரோட்டரில் ‘ரெசின் பேடு மட்டும்’ என்று பொறித்திருந்தால் உலோகப் பேடு கூடாது. எப்படியும் ஒரு ஜோடி மாற்றுப் பேடு பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். காய்ந்தால் அந்தக் குழம்பு காரைபோல் இறுகிவிடும். தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், அழுத்தத்தில் பீய்ச்சினால் பொடி பேரிங்குக்குள் போகும்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். செங்குத்தான சரிவுகளில் விழும் மழை எல்லாம் குறுகிய ஓடைக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும். 2007 ஆகஸ்ட் 18–19 தேதிகளில் ஹோகா ஊரில் 24 மணி நேரத்தில் 15.10 அங்குலம் மழை கொட்டியது. அது மினசோட்டா மாநிலத்திலேயே பதிவான உச்சம். கிக்கப்பூ பள்ளத்தாக்கில் 2007, 2008, 2018இல் அடுத்தடுத்து வெள்ளம். சாலையின் மேலேயே ஓடை பாயும் தரைப்பாலங்கள் இங்கே உண்டு. வெயில் நாளில் கணுக்கால் அளவுத் தண்ணீர் என்றாலும் கான்கிரீட்டில் பாசி படர்ந்திருக்கும், நேர்கோட்டில் பிரேக் தொடாமல் போக வேண்டும். தண்ணீர் கலங்கி, அடித்தளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். கீழே சாலை இருக்கிறதா என்பதே அப்போது தெரியாது.

கேள்வி (மில்வாக்கி வாசகர்): விஸ்கான்சின் பக்கம் வரைபடத்தில் தேடினால் எல்லாமே தார்ச்சாலையாக இருக்கிறதே?

பதில்: பால்தான் காரணம். தினமும் பால் வண்டி தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்பதற்காகச் சிறு கிராமச் சாலைகளுக்கும் அங்கே தார் போட்டார்கள். எனவே மினசோட்டா, ஐயோவாபோல் சரளை கொட்டிக் கிடக்காது, தேடித்தான் சேர்க்க வேண்டும். வெர்னன், கிராஃபோர்டு, ரிச்லேண்டு கவுன்டிகளில் தேடுங்கள். சாலைப் பெயரே குறிப்பு தரும். பெயரில் ‘ரிட்ஜ்’ என்றிருந்தால் முகட்டுச் சாலை, பெரும்பாலும் தார். ‘ஹாலோ’, ‘கூலி’ என்றிருந்தால் பள்ளத்துச் சாலை. இரண்டையும் இணைத்து நெளிந்து இறங்கும் குட்டிச் சாலைகளில்தான் சரளை மிச்சமிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் தார் சாம்பல் கறுப்பாகவும் சுண்ணாம்புச் சரளை வெளிறியும் தெரியும்.

லா ஃபார்ஜ் அருகே கிக்கப்பூ வேலி ரிசர்வைத் தவறவிடாதீர்கள். அணை கட்ட அரசு நிலம் எடுத்து, வேலை தொடங்கி, 1975இல் பாதியில் நின்றுபோன இடம் அது. நீர்த்தேக்கத் திட்டத்துக்காக எடுத்த சுமார் 8,600 ஏக்கர் இன்று காடும் பாறையுமாக உயிரோடு இருக்கிறது. பழைய 131ஆம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அங்கே சைக்கிளுக்கும் நடைக்குமான பாதை.

கேள்வி (மேடிசன் வாசகி): எட்டு, பதினொன்று வயதுப் பிள்ளைகளோடு போக ஏற்றமில்லாத சரளைப் பாதை உண்டா?

பதில்: எல்ராய்–ஸ்பார்டா பாதை. ரயில் ஓடிய தடம் என்பதால் சாய்வு மிகக் குறைவு. பொடித்த சுண்ணாம்புக்கல் தளம், 32 மைல். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதையாக்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் முன்னோடி இதுதான். நடுவில் மூன்று சுரங்கங்கள். கெண்டல், வில்டன் அருகே உள்ளவை சுமார் கால் மைல், நார்வாக் அருகே உள்ளது முக்கால் மைல்.

சுரங்கத்துக்குள் சைக்கிளை விட்டிறங்கி நடக்க வேண்டும், அது விதி. உள்ளே விளக்கு கிடையாது. ஆளுக்கொரு டார்ச் வேண்டும், கைப்பேசி வெளிச்சம் போதாது. மூன்றாவது சுரங்கத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கொளுத்தும் ஜூலையிலும் உள்ளே குளிரும். பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கல் உறைந்து வெடிக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் பெரிய கதவுகளை மூடிவிடுவார்கள். ரயில் ஓடிய காலத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் காவலாள் கதவைத் திறந்து மூட வேண்டியிருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அந்த இருட்டு அவர்களுக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

16 வயது நிறைந்தவர்களுக்கு விஸ்கான்சின் மாநிலப் பாதைச் சீட்டு வேண்டும். நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 25 டாலர். பிள்ளைகளுக்கு வேண்டாம். முழு 32 மைலையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், நார்வாக்கில் தொடங்கி மூன்றாம் சுரங்கம் வரை போய்த் திரும்பினாலே நிறைவான நாள்.

கேள்வி (வினோனா வாசகர்): பாறையிலிருந்து கண்ணாடிபோல் ஊற்றெடுக்கும் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. தெளிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுண்ணாம்புப் பாறை இங்கே சல்லடைபோல் துளைபட்டது. ஃபில்மோர் கவுன்டி வயல்களில் ஆங்காங்கே தெரியும் கிண்ணம்போன்ற குழிகள், நிலத்தடிப் பாறை கரைந்து மண் உள்வாங்கியதால் உண்டானவை. வயலில் விழும் மழை அந்தக் குழி வழியாக மண்ணால் வடிகட்டப்படாமலே நேராக இறங்கி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஊற்றாக வெளியே வந்துவிடும். மாட்டுச்சாணத்துக் கிருமியும் உரத்து நைட்ரேட்டும் கூடவே வரும். கையடக்க வடிகட்டி கிருமியைத் தடுக்கும், நைட்ரேட்டைத் தடுக்காது. தலையில் ஊற்றிக் குளிர்வித்துக்கொள்ள மட்டும் ஊற்று நீர் போதும்.

ஆளுக்கு இரண்டரை லிட்டரோடு கிளம்புங்கள். சின்ன ஊர்களின் பூங்காக் குழாய் இலையுதிர் காலக் கடைசியில் அடைக்கப்பட்டிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கலாம். 30 கிலோமீட்டருக்குள் உறுதியான தண்ணீர் இடம் ஒன்று இருக்குமாறு வழியை வகுங்கள்.

கேள்வி (ஈகன் வாசகி): ஹார்மனி பக்கம் ஆமிஷ் என்னும் பழமை பேணும் கிறித்தவச் சமூகத்தவரின் குதிரை வண்டிகள் வருமாமே. எப்படிக் கடப்பது? நாய்கள் துரத்தினால்?

பதில்: குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் அதற்கு மிரட்சி. முப்பது மீட்டர் முன்னாலேயே மனிதக் குரலில் வணக்கம் சொல்லுங்கள், மணியடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் நன்றாக விலகிக் கடந்துவிடுங்கள். எதிரே குதிரை தயங்கினால் நின்று வழிவிடுங்கள். முகம் தெரியப் படம் எடுப்பது அவர்கள் நம்பிக்கைக்கு எதிரானது. கேமராவை உள்ளே வையுங்கள்.

நாய் விஷயத்தில், தட்டையான இடமென்றால் அதட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஏற்றத்தில் அதை முந்த முடியாது. இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்தபடி நடங்கள். வீட்டெல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி (புளூமிங்டன் வாசகர்): எந்த மாதம் போவது நல்லது?

பதில்: மே பிற்பாதி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. மார்ச், ஏப்ரலில் மேலே உருகிய மண்ணுக்குக் கீழே உறைபனி இருப்பதால் தண்ணீர் இறங்க வழியின்றிச் சாலையே சதசதக்கும். லாரிகளுக்கு எடைக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்திருந்தால் அந்தச் சாலை இன்னும் இறுகவில்லை என்று பொருள்.

ஜூன் கடைசி, ஜூலையில் சாலையோரம் மஞ்சள் குடைப்பூவோடு நிற்கும் வைல்டு பார்ஸ்னிப் செடியைத் தொடாதீர்கள். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம்போல் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்பால் கழுவி, அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள். மே முதல் ஜூலை வரை மான் உண்ணியின் குஞ்சுகள் கசகசா அளவில் இருக்கும், லைம் நோய் பெரும்பாலும் அவற்றால்தான் தொற்றுகிறது. ஒட்டி 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு குறைவு. ஆகவே அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள்.

நவம்பர் மான் வேட்டைக் காலம். விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டை தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். மினசோட்டாவில் நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் காட்டோரச் சாலையில் ஓட்ட வேண்டாம்.

கேள்வி (ஒனலாஸ்கா வாசகர்): பள்ளத்தாக்கில் கைப்பேசி எடுக்கவில்லை. விழுந்து அடிபட்டால் எப்படி உதவி கேட்பது?

பதில்: குன்றுகள் அலையை மறைக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குழுவாகப் போனால் ஒருவர் அடிபட்டவருடன் இருக்க, மற்றவர் கீழே ஊரைத் தேடி ஓடாமல் அருகிலுள்ள முகட்டுக்கு ஏற வேண்டும். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். 911 கேட்கும் முதல் கேள்வி எங்கே என்பதுதான். பண்ணை வீடுகளின் வாசலில் சாலையோரமாகச் சிறு பலகையில் ‘ஃபயர் நம்பர்’ எழுதியிருக்கும். அந்த எண்ணையும் சாலைப் பெயரையும் சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வந்துவிடும். அதனால் வழியில் கடந்த கடைசிப் பலகையின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.